ரோசன்டால் கல்லறையில் கொடி கிடையாது

விச்சிட்டா
ஜூன் 2, 1970

ஆர்வில் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை, போரில் செத்த சிப்பாய்களுக்கான நினைவு நாள். நானும் அப்பாவும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி ரோசன்டால் வந்து, டெல்பர்ட்டின் கல்லறையில் ஒரு சின்னக் கொடியை நட்டுவிட்டுப் போனோம். ஒரு முழக் குச்சி, அதில் கைக்குட்டை அளவு துணி. அவ்வளவுதான். பீரங்கி ஒன்றும் கொண்டுவரவில்லை. பூ எடுத்து வர மறந்துபோனதால் ஞாயிறு சாயங்காலம் நான் மட்டும் திரும்பி வந்தேன். கொடி இல்லை. குச்சி இருந்த இடத்தில் ஒரு சிறு துளை இருந்தது.

காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பூவுக்குத் தண்ணீர் ஊற்ற வாளி தேடித் தேவாலயத்தின் பின்னால் இருக்கும் கொட்டகைக்குப் போனேன், அன்று பூட்டாமல் கிடந்தது. அங்கே மண்வெட்டிகளுக்கு நடுவில், செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது கொடி. காற்று செய்தித்தாளில் சுற்றி வைக்குமா?

அந்தக் கொட்டகையின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. கல்லறையைப் பராமரிப்பவர் நீங்கள்தான். ஆகவே உங்களையே கேட்கிறேன், யார் எடுத்தது?

என் புருஷன், உங்கள் தம்பி, வியட்நாமில் செத்தான். அவனை உங்கள் மண்ணில் புதைக்கச் சம்மதித்தேன், உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததால். "அவங்கப்பா பக்கத்துல கெடக்கட்டும்மா, எனக்குன்னு கேக்கறது இது ஒண்ணுதான்" என்றார். கல்லில் அவன் பட்டாளத்தில் இருந்தான் என்று ஒரு வரி வேண்டாம் என்றீர்கள், பொறுத்துக்கொண்டேன். அடக்கத்தன்று ராணுவத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். ஃபோர்ட் ஸ்காட்டில் ராணுவக் கல்லறை இருக்கிறது. மனைவி கையெழுத்துப் போட்டால் போதும், அவனை அங்கே கொண்டுபோய்விடலாம் என்று அப்பா விசாரித்து வந்திருக்கிறார்.

லொரேன்


ரோசன்டால்
ஜூன் 21, 1970

சகோதரி லொரேனுக்கு,

அறுவடை நடக்கிறது. அதனால்தான் தாமதம். இந்த முறை கோதுமை பரவாயில்லை, ஆலங்கட்டி மழைக்குத் தப்பித்துவிட்டது.

கொடியை எடுத்தது நான்தான். பொய் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. தூக்கி எறியவில்லை, கிழிக்கவில்லை. மண் படாமல் சுற்றி வைத்தேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்.

இந்த ஊர்க் கல்லறையில் எந்த நாட்டுக் கொடியும் வைப்பதில்லை. உன் நாட்டுக் கொடி என்பதால் அல்ல. எங்கள் தாத்தாக்கள் ரஷ்யாவை விட்டு வந்ததே, ராஜாவின் பட்டாளத்தில் சேர மாட்டோம் என்றுதான். துப்பாக்கி எடுக்காதே என்று கர்த்தர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் முரட்டு ஜனங்கள் நாங்கள். முதல் யுத்தம் நடந்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து கோழைகள் என்று எங்கள் தேவாலயக் கதவில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டு, என் தாத்தாவைத் தெருவில் மண்டிபோட வைத்துக் கொடியை முத்தமிடச் சொன்னார்கள். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்த அப்பாவுக்குப் பக்கத்தில்தான் டெல்பர்ட் படுத்திருக்கிறான். நீ நட்ட குச்சிக்கும் அப்பாவின் கல்லுக்கும் நடுவில் எத்தனை அடி என்று உனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பட்டாளத்தில் சேர்ந்த அன்றே டெல்பர்ட்டின் பெயரைச் சபையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவனுக்கு இங்கே இடமே கிடையாது என்றுதான் மூப்பர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் அவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இடம் வாங்கினேன். கொடி கூடாது, துப்பாக்கிச் சத்தம் கூடாது, ஊதுகுழல் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டார்கள். நான் வாக்குக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லைதான். அழுதுகொண்டிருந்தவளிடம் எதைக் கேட்பது?

அவனைத் தோண்டி எடுக்காதே. அம்மா தாங்க மாட்டாள்.

ஆர்வில் ஷ்ராக்


விச்சிட்டா
ஜூலை 6, 1970

ஆர்வில் அவர்களுக்கு,

நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் கேட்கவில்லையாம். என்ன கரிசனம்! நீங்கள் வாக்குக் கொடுப்பீர்கள், காப்பாற்ற வேண்டியது நான்.

இங்கே சுதந்திர தினம் முடிந்தது. சனிக்கிழமை ஊர்வலம், வெடி. என் ஜோலின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றாள். மூன்று வயதுக் குழந்தைக்கு வெடி என்றால் பயம், அவ்வளவுதான். ஆனால் அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், முகம் வெளிறிப்போய்.

நேற்று ஞாயிறு ஆராதனை. எங்கள் தேவாலயத்தில் கொடி பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. பாட்டெல்லாம் தேசபக்திப் பாட்டு. போதகர் டெல்பர்ட்டின் பெயரைச் சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். "கிறிஸ்து நமக்காக ரத்தம் சிந்தினார், இந்தப் பிள்ளையும் நமக்காக ரத்தம் சிந்தினான்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். டெல்பர்ட் யாருக்காகவும் ரத்தம் சிந்தக் கிளம்பவில்லை ஆர்வில். பயந்துகொண்டே போனான். பஸ் ஏறும்போது அவன் கை சில்லிட்டிருந்தது. அவனைக் கிறிஸ்துவாக்கிவிட்டால் இவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. நான் பாதியிலேயே வெளியே போய்விட்டேன்.

இதைப் படித்துவிட்டு, "வந்தாள் வழிக்கு" என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் அவனைக் கூடுதலாகத் தூக்கிப்பிடிக்கிறார்கள். நீங்கள் அவன் செய்த காரியத்தையே இல்லை என்கிறீர்கள். அவன் இரண்டு வருடம் உடுத்தியிருந்த உடுப்பு உங்களுக்கு வெட்கம். அந்த உடுப்போடு செத்தவனை நான் எங்கே வைத்து அழுவது?

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. அடக்கத்தன்று குழி மூடும்வரை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரியாதை செலுத்த ஆறு சிப்பாய்கள் வருவார்கள், கொடியை மடித்து மனைவி கையில் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வண்டிகூட வரவில்லை. உங்களைக் கேட்டேன். "வர்றதாத்தான் சொன்னாங்க லொரேன். ஏன் வரலன்னு தெரியலையே" என்றீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனவர்களே அவனை மறந்துவிட்டார்கள். அப்பா அதைப் பற்றி மாற்றி மாற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், பதில் இல்லை.

அவனை ஃபோர்ட் ஸ்காட்டுக்கு மாற்றும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

லொரேன்


ரோசன்டால்
அக்டோபர் 11, 1970

லொரேனுக்கு,

மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உன் கையெழுத்து மட்டும் போதாதாம், கல்லறைப் பொறுப்பாளர் என்ற முறையில் நானும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மேசைமேல் அப்படியே கிடக்கிறது. அம்மாவின் கண்ணில் படாமல் மேலே பைபிளை வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1966ஆம் வருடம் நன்றி நாளுக்கு உன் வீட்டில் விருந்து. அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். வான்கோழியை வெட்டிக்கொண்டே உன் அப்பா டெல்பர்ட்டைப் பார்த்து என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"என்ன மாப்ளே, உங்காளுங்க சண்டைக்குப் போக மாட்டாங்களாமே? கோதுமைய மட்டும் நல்ல வெலைக்கு வித்துக்குவாங்க. ரத்தம் கொடுக்க மட்டும் ஊரான் வீட்டுப் புள்ளைங்க வேணும், என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். டெல்பர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் சபைப் பிள்ளைகளைச் சட்டமே விட்டுவைக்கிறது. துப்பாக்கிக்குப் பதிலாக இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தால் போதும். அவனுக்கு டோபீகாவில் மனநோய் ஆஸ்பத்திரியில் இடம்கூடப் பார்த்துவைத்திருந்தேன். படுக்கை மாற்றுவான், சோறு ஊட்டுவான், உயிரோடு வீடு வந்து சேர்வான். அந்த விருந்துக்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. பிப்ரவரியில் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான்.

அந்த மேசையில்தான் லொரேன் நாங்கள் அவனைத் தொலைத்தோம். நன்றி சொல்லும் நாள் என்கிறீர்கள். யாருக்கு, எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆர்வில்


விச்சிட்டா
நவம்பர் 28, 1970

ஆர்வில் அவர்களுக்கு,

நான் சிரித்தேன். ஆமாம். அதை நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. ஆனால் எப்படியோ அவருக்கே அந்த நினைப்பு வந்துவிட்டது. முந்தாநாள் நன்றி நாள் விருந்து. சாப்பிடுவதற்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ஜோலின் தன் பூனைக்குட்டிக்கு நன்றி சொன்னாள். அப்பாவின் முறை வந்தது. கத்தியைக் கீழே வைத்தார். "இதே எடத்துல ஒக்காந்து அந்தப் பயல நக்கல் பண்ணேன். நான்தான் அனுப்பி வச்சேன் அவன" என்றார். அம்மா, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள். வான்கோழி அப்படியே கிடந்தது.

உங்களுக்கு இது ஆறுதலாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை. அப்பாவின் கடிதத்துக்கு ராணுவத்திலிருந்து ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது. பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். ஆறு பேர் ரோசன்டாலுக்கு வந்திருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு. அடக்கம் காலை பத்து மணிக்கு. முந்தின நாள் மாலை குடும்பத்திலிருந்து ஒருவர் போன் செய்து, நேரம் இரண்டு மணிக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று சொன்னதாகப் பதிவேட்டில் இருக்கிறதாம். ஆண் குரல்.

எங்கள் வீட்டு ஆண் அப்பா மட்டும்தான்.

யார் ஆர்வில் அது?

லொரேன்


ரோசன்டால்
டிசம்பர் 13, 1970

லொரேன்,

நான்தான்.

நாலு காகிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் அதுதான் வருகிறது. பொய் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று ஜூன் மாதம் உனக்கு எழுதியிருந்தேன். அதை எழுதியபோதே கை கூசியது.

மூப்பர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். சிப்பாய்கள் வந்து மரியாதைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால், மூப்பர்கள் குழியை மூட விட மாட்டார்கள் என்று பயந்தேன். உன்னிடம் சொன்னால் நீ அவனை இங்கே புதைக்கவே விட மாட்டாய் என்றும் பயந்தேன். இரண்டு பக்கமும் சமாளிக்க எனக்குத் தெரிந்தது ஒரு போன் மட்டும்தான்.

நீங்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, மண்ணைச் சமன்படுத்திக்கொண்டிருந்தேன். சரியாக இரண்டு மணிக்கு வண்டி வந்தது. ஆறு பேரும் சின்னப் பையன்கள். பித்தான்களெல்லாம் பளபளவென்று இருந்தன. முன்னால் வந்தவனுக்கு டெல்பர்ட் வயதுகூட இருக்காது.

"சார், நாங்க லேட்டா வந்துட்டமா?" என்றான்.

"ஆமாப்பா. லேட்டாயிடுச்சு."

"ரெண்டு மணின்னுதானே சார் சொன்னாங்க?"

"யாராவது தப்பாச் சொல்லியிருப்பாங்க" என்றேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். ஒரு சிப்பாய் நடுரோட்டில் நின்று அழுது நீ பார்த்திருக்கிறாயா? மற்றவர்கள் வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். உள்ளே வரலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். இரண்டு பேர் கொடியை விரித்து, மூலை மூலையாக முக்கோணமாக மடித்தார்கள். நீங்கள் யார் என்று அந்தப் பையன் கேட்டான். அண்ணன் என்றேன். எனக்கு முன்னால் மண்டியிட்டு, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்குச் சொல்லி, என் கையில் கொடுத்தான். அவர் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள் என்றான். சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

ஒரு வருடம் ஒன்பது மாதமாக அது விதைக் கோதுமைப் பெட்டிக்குள் சாக்கில் சுற்றி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை திறந்து, எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். கொடுத்தால் போன் விஷயம் வெளியே வரும். எரிக்கவும் மனம் வரவில்லை. நாளைக் காலைத் தபாலில் அனுப்புகிறேன்.

சபையிலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். போன ஞாயிறு. பொய் சொன்னதற்காக, சபையில் எனக்கிருந்த உதவிக்காரர் பொறுப்பிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். கொடியைக் கையில் வாங்கினேனே, அதற்காகவும்தான். கல்லறைச் சாவியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் உன் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆர்வில்


விச்சிட்டா
ஜனவரி 4, 1971

திரு. ஷ்ராக் அவர்களுக்கு,

கொடி வந்து சேர்ந்தது. மடிப்புகளுக்குள் கோதுமைத் தூசி.

ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை தோண்டுகிறார்கள். நீங்கள் அங்கே இருக்க வேண்டாம்.

லொரேன் ஷ்ராக்


ரோசன்டால்
ஏப்ரல் 25, 1971

லொரேன்,

நீ சொன்னபடியே நான் அங்கே இல்லை. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்த சத்தமும் போன சத்தமும் கேட்டன. நடுவில் மூன்று மணி நேரம்.

அம்மாவிடம் அன்று காலையில்தான் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "ஒனக்கு இப்ப நிம்மதியா?" என்று மட்டும் கேட்டாள். உன்னைச் சொல்லவில்லை, என்னைத்தான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், சாப்பிடுகிறேன்.

குழியைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள். புதுப் பொறுப்பாளருக்கு முதுகுவலி. நானே போய் மூடினேன். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

ஆர்வில்


விச்சிட்டா
மே 23, 1971

ஆர்வில்,

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வேறு ஆளில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. அம்மாவால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஃபோர்ட் ஸ்காட்டுக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். புதுச் சட்டப்படி இந்த வருடம் முதல் நினைவு நாள் திங்கட்கிழமைக்கு வருகிறது. மூன்று நாள் லீவு கிடைக்கிறது என்று ஆபீஸில் எல்லோரும் ஏரிக்குப் படகு ஓட்டக் கிளம்புகிறார்கள். கேட்ட இடத்திலெல்லாம் "அய்யோ, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்கிறார்கள்.

அங்கே கொண்டுபோய் வைத்ததிலிருந்து ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரிக் கல். அவன் கல்லைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. ரோசன்டாலில் கண்ணை மூடிக்கொண்டு போவேன். சரி, அதை விடுங்கள்.

முதல் நினைவு நாளன்று அவனுக்கு யாருமே வரவில்லை என்று ஆகிவிடக் கூடாது. நீங்கள் கொடியைத் தொட வேண்டாம். பாட்டுப் பாட வேண்டாம். சும்மா போய் நில்லுங்கள். அது போதும்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

லொரேன்


ரோசன்டால்
ஜூன் 1, 1971

லொரேன்,

போனேன். அம்மாவையும் கூப்பிட்டேன், வரவில்லை. ஆனால் கிளம்பும்போது ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

நீ சொன்னது சரி, எல்லாம் ஒரே கல். வரிசை எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்ததால் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு கொடி. அவனுக்கும் இருந்தது. அதுதான் உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

நண்பகலுக்குச் சற்று முன் ராணுவப் போதகர் ஜெபம் செய்தார். செத்த பிள்ளைகளைத் தேவன் தம் கையில் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஜெபம் என்பதால் தொப்பியைக் கழற்றினேன். ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, உடனே பேண்டு வாத்தியம் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டது. அரைக்கம்பத்தில் இருந்த பெரிய கொடியை மேலே ஏற்றினார்கள். எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பாட்டுக்குத் தொப்பியைக் கழற்றி நின்றதில்லை. திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தெரியும். கை மேலே போகவில்லை. ஜெபம் எங்கே முடிந்தது, பாட்டு எங்கே ஆரம்பித்தது என்று பிரிக்க ஒரு நொடிகூட விடவில்லை அவர்கள். பாட்டு முடியும்வரை வெறுந்தலையோடு நின்றேன். யாருக்காக நின்றேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூப்பர்கள் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை.

கூட்டம் கலையும்போது காற்று பலமாக அடித்தது. டெல்பர்ட்டின் கொடி சாய்ந்து, துணி மண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குனிந்து நிமிர்த்தி வைக்க வேண்டியதுதானே? உன் முகம் ஞாபகம் வந்தது. என் தாத்தா தெருவில் மண்டிபோட்டது ஞாபகம் வந்தது. குனிய முடியவில்லை லொரேன். கொட்டகையில் சுற்றி வைக்க நீண்ட அதே கை, இதற்கு நீளவில்லை.

அடுத்த வரிசைக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். நேராக வந்து, குச்சியை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். எழுந்துகொண்டே தன் புருஷனிடம், "பாவங்க, புதுக் கல்லறையா இருக்கு. இந்தப் புள்ளைக்குன்னு ஒருத்தரும் வரல போலிருக்கு" என்றாள்.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவன் அண்ணன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆர்வில்